பாஸ்கீ லாகின்: சேமித்த பப்ளிக் கீ இம்போர்ட் ஆகவில்லை

நெம்புகோல்:
லைப்ரரி எதுவும் இல்லாமல் நோட் ஜேஎஸ்ஸில் பாஸ்கீ லாகின் (பாஸ்வேர்டுக்குப் பதில் கீ ஜோடியால் நுழைவது) எழுதுகிறேன். சரிபார்ப்புக்கு நோடிலேயே இருக்கும் வெப் கிரிப்டோ ஏபிஐ. பதிவின்போது வரும் ஆத்தென்டிகேட்டர் டேட்டாவில் (பாஸ்கீயை வைத்திருக்கும் சாதனம் தரும் பைட்கள்) முதல் 55 பைட்டையும் கிரெடென்ஷியல் ஐடியையும் தாண்டி, மீதி எல்லாவற்றையும் பப்ளிக் கீ என்று சேமிக்கிறேன். பெரும்பாலும் 77 பைட், சில நேரம் கூடுதல். லாகினில் அதை எஸ்பிகேஐ (பப்ளிக் கீக்கான ஒரு பொது வடிவம்) என்று இம்போர்ட் செய்தால் எரர் வருகிறது. ஏன்?

கீற்று:
அந்த 77 பைட் எஸ்பிகேஐ அல்ல, சிபோரில் (ஜேசன் போன்ற, ஆனால் பைனரியான வடிவம்) எழுதிய சிஓஎஸ்இ என்ற வகைக் கீ. பி-256 என்ற எலிப்டிக் கர்வ் கீக்கு எஸ்பிகேஐ என்றால் 91 பைட் இருக்கும். சிபோர் டீகோடரில் கொடுத்தால் ஒரு மேப் கிடைக்கும். அதில் 3க்கு எதிரே -7 இருந்தால் அல்காரிதம் இஎஸ்256, அதாவது பி-256 கீயால் கையெழுத்து. -2, -3 இரண்டிலும் எக்ஸ், ஒய், தலா 32 பைட். 04 என்ற பைட், அடுத்து எக்ஸ், அடுத்து ஒய் என ஒட்டி, அந்த 65 பைட்டை 'ரா' வடிவில் இம்போர்ட் செய்யுங்கள்.

'மீதி எல்லாம் கீ' என்பதை மட்டும் உடனே மாற்றுங்கள். ஃபிளாக் பைட்டில் 128 மதிப்புள்ள பிட் இருந்தால், கீக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் டேட்டாவும் வரும். கீ எங்கே முடிகிறது என்பதை டீகோடர்தான் சொல்ல வேண்டும். ஆர்எஸ்256 (-257), அதாவது ஆர்எஸ்ஏ கீயும் நீளமாக இருக்கும். 2048 பிட் என்றால் மாடுலஸே 256 பைட்.

நெம்புகோல்:
இம்போர்ட் ஆகிவிட்டது, நன்றி. ஆனால் வெரிஃபை எப்போதும் ஃபால்ஸ்.

பனையோலை:
சிக்னேச்சரைப் பாருங்கள். இஎஸ்256 சிக்னேச்சர் ஆர், எஸ் என்ற இரண்டு எண்கள். அது டெர் (நீளத்தையும் சேர்த்து எழுதும் பைனரி வடிவம்) வடிவில் வரும், பெரும்பாலும் 70 முதல் 72 பைட். வெப் கிரிப்டோ கேட்பதோ ஆர், எஸ் இரண்டும் ஒட்டிய 64 பைட். டெர்ரைப் பிரித்து, ஆர் அல்லது எஸ் 33 பைட்டாக இருந்தால் முன்னால் உள்ள 00-ஐ நீக்குங்கள். 32க்குக் குறைந்தால் முன்னால் 00 சேருங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் எப்போதோ ஒருமுறைதான் லாகின் தோற்கும், காரணம் லேசில் பிடிபடாது.

சரிபார்க்க வேண்டிய டேட்டா: ஆத்தென்டிகேட்டர் டேட்டா, அதன் பின்னால் கிளையன்ட் டேட்டா ஜேசனின் (பிரவுசர் அனுப்புவது) எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ். வந்த பைட்களையே ஹாஷ் செய்யுங்கள். பார்ஸ் செய்து திரும்ப ஜேசனாக்கினால் ஒரு இடைவெளி மாறினாலும் போச்சு. ஒட்டிய மொத்தத்தை நீங்கள் மறுபடி ஹாஷ் செய்யக் கூடாது. வெரிஃபை அதைத் தானே செய்துகொள்ளும்.

கீற்று:
சேமிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீயை யூசர் டேபிளில் ஒரு நெடுவரிசையாக (column) வைக்காதீர்கள். ஒருவருக்குப் பல பாஸ்கீ இருக்கும். தனி டேபிள் போதும்: கிரெடென்ஷியல் ஐடி (யுனிக், 1023 பைட் வரை), யூசர் ஐடி, கீ பைனரியாக, அல்காரிதம், சைன் கவுண்ட் (கீயைப் பயன்படுத்திய எண்ணிக்கை). அல்காரிதத்தை லாகின் ரிக்வெஸ்ட்டிலிருந்து எடுக்காமல் இந்த டேபிள் வரிசையிலிருந்தே (row) எடுங்கள். ஒத்திசைக்கப்படும் பாஸ்கீகளில் கவுண்ட் 0 ஆகவே நிற்பது சகஜம். சேமித்ததும் வந்ததும் 0 என்றால் தடுக்க வேண்டாம்.

பப்ளிக் கீ ரகசியம் அல்ல, என்கிரிப்ட் செய்யத் தேவையில்லை. ஆனால் அந்த வரிசையில் எழுத முடிந்தவர் தன் கீயை வைத்து அந்த யூசராகவே உள்ளே வந்துவிடலாம். ஆகவே எழுதும் அனுமதியைத்தான் இறுக்க வேண்டும்.