பழைய பாயிண்ட் டூ டூவுக்கு ஸ்கோப் மாட்டலாமா?

பழைய கேடட், ஒஹாயோ

பக்கத்து வீட்டுத் தாத்தா மகளோடு இருக்க ஃப்ளோரிடா போகிறார். கராஜைக் காலி செய்யும்போது துணி சுற்றிய ஒரு ரைஃபிளை எடுத்துக் காட்டி, "நூறு டாலர் கொடு, நீயே வைத்துக்கொள்" என்றார். வின்செஸ்டர் மாடல் 67, பாயிண்ட் டூ டூ, அதாவது .22 அங்குலத் தோட்டா. 1934 முதல் 1963 வரை வந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள், அந்தக் காலத்து மலிவுச் சரக்கு. போல்ட்டை (தோட்டாவை அடைத்து மூடும் தாழ்) மூடினால் மட்டும் சுடாது. பின்னாலிருக்கும் குமிழைக் கையால் இழுத்து விட வேண்டும். சீரியல் நம்பர்கூடக் கிடையாது. 1968 சட்டம் வரும்வரை இப்படிப்பட்டவற்றுக்கு எண் அடிக்கும் கட்டாயம் இல்லையாம்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவன் நான். 25 கஜத்தில் படுத்துச் சுட்ட ஐந்து ரவுண்டின் க்ரூப்பிங்கை, அதாவது ஓட்டைகள் விழுந்த கூட்டத்தை, ஹவில்தார் ஒரு தீப்பெட்டியை வைத்து மறைத்துக் காட்டியது இன்னும் மனசில் இருக்கிறது. இப்போது வயது 51. குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முன் சைட் பஞ்சு மாதிரித் தெரிகிறது. படிக்கிற கண்ணாடி போட்டால் சைட் தெரிகிறது, இலக்கு அட்டை காணாமல் போகிறது. போன சனிக்கிழமை அதே 25 கஜத்தில் என் ஐந்து ஓட்டைகளையும் மறைக்கச் சாப்பாட்டுத் தட்டுதான் வேண்டியிருந்தது.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டலாம் என்று கடையில் கேட்டேன். உருப்படியானது 150 டாலர், மாட்டும் கூலி தனி. வீட்டில் சொன்னேன். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாட்டியவர்கள், மாட்டி வருந்தியவர்கள், இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

அணில்காரன், பென்சில்வேனியா

அண்ணே, நான் மாட்டினவன், வருந்தாதவன். ஆனா என்னோடது மார்லின் மாடல் 60. 1960-ல வந்த செமி ஆட்டோ, ஒரு கோடிக்கு மேல செஞ்சிருக்காங்க, இங்க அடகுக் கடைக்குக் கடை ஒண்ணு நிக்கும். அதோட ரிசீவர் (போல்ட் ஓடற உலோக உடல்) மேல ரெண்டு பக்கமும் நீளவாக்குல காடி வெட்டியிருக்கும். முக்கால்வாசி பாயிண்ட் டூ டூவுக்கு இந்த 3/8 அங்குலக் காடிதான் கணக்கு. அதுக்குன்னே இருக்கிற, ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்தை வாங்கி இறுக்கினா வேலை முடிஞ்சுது. முதல்ல அவசரத்துல பெரிய ரைஃபிள் ரெயிலுக்கான வளையத்தை வாங்கிட்டு வந்து, உட்காரவே இல்லைன்னு திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த தப்பு இன்னும் பெரிசு. மான் வேட்டை ரைஃபிள்ல சும்மா கிடந்த ஸ்கோப்பைக் கழட்டி இதுல மாட்டினேன். தலையை லேசா அசைச்சா குறுக்குக் கம்பி அட்டை மேல ஊர்ந்து போகுது! ஸ்கூல்ல படிச்ச இடமாறு தோற்றப் பிழை ஞாபகம் இருக்கா? அதேதான். பெரிய ரைஃபிள் ஸ்கோப்பை 100 கஜம், 150 கஜத்துக்குன்னு சரி பண்ணி அனுப்புவாங்க. ரிம்ஃபயர், அதாவது பாயிண்ட் டூ டூ மாதிரித் தோட்டாவுக்கான ஸ்கோப்பை 50 கஜத்தை ஒட்டி வெச்சிருப்பாங்க. அதனால வாங்கினா ரிம்ஃபயர்னு போட்டிருக்கிறதையே வாங்குங்க. நாலு மடங்கு பெருக்கமே தாராளம். அணிலைப் பார்க்க ஒன்பது மடங்கு எதுக்கு?

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஸ்கோப் குழலுக்கு ஒண்ணரை அங்குலம் மேல உட்கார்ந்திருக்கு. 50 கஜத்துல குறியும் குண்டும் ஒண்ணாச் சேர்ற மாதிரி ஜீரோ வெச்சிருந்தேன். ஒரு நாள் பத்துக் கஜத்துல, தலைக்கு மேல கிளையில ஒரு அணில். சாவகாசமாக் குறி வெச்சுச் சுட்டேன். குண்டு ஒரு அங்குலம் கீழ போய்ப் பட்டையைப் பேத்தது. அணில் என்னைப் பார்த்துட்டுத்தான் போச்சு. அதே ஜீரோவுல 100 கஜம் போனா ஆறேழு அங்குலம் இறங்கிடும். ஸ்கோப் மாட்டினா எல்லாத் தூரமும் ஒண்ணுன்னு நெனைச்சுடாதீங்க.

மினசோட்டா குளிர்

67-ல காடி கிடையாது, துளையும் கிடையாது. ரிசீவர் மொழுமொழுன்னு உருண்டையா இருக்கும். ஸ்கோப் வேணும்னா துளை போட்டு மரை வெட்டணும். எனக்கு எப்படித் தெரியும்னு கேட்காதீங்க.

சரி, சொல்லிடறேன். இதே ஜாதி ஒத்தைத் தோட்டா ஒண்ணு என்கிட்ட இருந்துது. உள்ளூர்ல ஒருத்தர்கிட்ட துளை போடக் கொடுத்தேன். துளை மயிரிழை கோணல். ஸ்கோப்போட பக்கவாட்டுத் திருகை ஒரே பக்கமா கடைசி வரைக்கும் திருகியும் குண்டு ரெண்டு அங்குலம் இடது பக்கம்தான். தகடு வெச்சு ஒருவழியா நேராக்கினேன். அப்புறம் பார்த்தா, குமிழுக்கு மேல ஸ்கோப்போட பின்பக்கம் வந்து நிக்குது. கையுறையோட அந்தச் சந்துல விரல் விட்டு இழுக்கவே முடியலை. போதாததுக்குத் தோள்ல வெக்கிற கட்டை வேற தாழ்வு. இரும்பு சைட்டுக்காகச் செஞ்ச கட்டைல கன்னத்தை வெச்சா கண் ஸ்கோப் உயரத்துக்கு வராது. முகவாயை முட்டுக் கொடுத்துக்கிட்டு அந்தரத்துல பார்க்கணும். கட்டைமேல ஸ்பாஞ்சு வெச்சு டேப் சுத்தினேன், பார்க்க எலும்பு முறிஞ்ச கை மாதிரி இருந்துது. விக்கப் போனா வாங்கறவங்க முதல்ல பார்க்கிறது அந்தத் துளையைத்தான். பாதி விலைகூட வரலை.

சியாட்டில் புதுவரவு

இடையில் ஒரு கேள்வி. நான் எச்-ஒன்-பி-யில் இருக்கிறேன். இப்படி ஒன்று வாங்கலாமா?

மினசோட்டா குளிர்

அவசரப்படாதீங்க. அந்த மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வெச்சுக்கக் கூடாதுங்கிறதுதான் ஃபெடரல் சட்டம். செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் மாதிரிச் சில விதிவிலக்கு உண்டு, மாநிலச் சட்டம் தனி. வக்கீலைக் கேட்காம தொடாதீங்க. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன்.

டெக்சஸ் பெரியப்பா

தம்பி, உங்கள் துப்பாக்கிக்கு வியாதி இல்லை. கண்ணுக்குத்தான் வயசு. எனக்கு 68.

செலவில்லாத ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். உங்கள் தூரப்பார்வைக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சிறு துண்டு வெட்டி, நடுவில் சூட்டு ஊசியால் துளை போடுங்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு போதும். வெற்றுத் துப்பாக்கியை, வெற்று என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சுடும் நிலையில் பிடியுங்கள். கண் கண்ணாடியின் எந்த இடம் வழியாகப் பார்க்கிறது என்று வீட்டில் யாரையாவது பேனாவால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அங்கே துளை வரும்படி டேப்பை ஒட்டுங்கள். துளை வழியே பார்த்தால் முன் சைட்டும் தெளியும், அட்டையும் ஓரளவு தெளியும். கேமராவில் துவாரத்தைச் சுருக்கினால் கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் சேர்ந்து தெளிகிறதே, அதே சங்கதி. பீப் சைட் என்று விற்பதும் இதே தத்துவம்தான், ஆனால் உங்கள் 67-ல் அதற்கும் துளை போட வேண்டியிருக்கும். வெளிச்சம் குறையும், காட்டுக்குள் அந்தி நேரத்தில் உதவாது. பகலில் அட்டைக்குப் போதும்.

அந்த நிலையில் பழகுகிறேன் என்று சேம்பரில் (தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லாமல் விசையை மட்டும் இழுத்து விடாதீர்கள். ரிம்ஃபயரில் ஊசி தோட்டாவின் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாவிட்டால் சேம்பர் விளிம்பிலேயே போய் இடித்துப் பள்ளமாக்கிவிடும்.

இன்னொன்று. தோட்டாவை மாற்றிப் பாருங்கள். மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி ஐந்தைந்தாகச் சுடுங்கள். ஒரே மாடல் இரண்டு துப்பாக்கி ஒரே தோட்டாவை விரும்பி நான் பார்த்ததில்லை.

பழைய கேடட், ஒஹாயோ

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பெரியப்பா சொன்னபடி டேப் ஒட்டினேன். புள்ளி வைத்தது வீட்டம்மாதான். சிரித்ததில் முதல் புள்ளி மூக்கில் விழுந்தது.

முன் சைட் கத்தி மாதிரி தெரிகிறது. பின் சைட் இன்னும் மங்கல்தான், அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். நான்கு வகைத் தோட்டா சுட்டேன். வேகமானவை மூன்றும் சிதறின. சாதாரண வேகத்து 40 கிரெய்ன் எடைக் குண்டு ஒன்று மட்டும் ஒழுங்காகக் கூடியது. 25 கஜத்தில் மூன்று ஓட்டைகள் ஒரு குவார்ட்டர் நாணயத்துக்குள், நான்காவது அதன் விளிம்பில். ஐந்தாவது நான் இழுத்துக் கெடுத்தது, சுடும்போதே தெரிந்தது. தீப்பெட்டிக்குள் இன்னும் வரவில்லை.

துளை போடவில்லை. ஸ்கோப் ஆசை அறவே போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். அடகுக் கடையில் ஒரு மாடல் 60-ஐ எடுத்துக் காடியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன், வீட்டில் சொல்லவில்லை.

பெரியப்பா, வெயிலில் டேப்பின் பசை உருகிக் கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது. நீங்கள் எந்த டேப் ஒட்டுகிறீர்கள்?