ஹெட்ஸ்டாக்கை அறுத்து வடிவம் மாற்றலாமா?

ஆறுகம்பி:
என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிதார், பெயர் சொல்லிப் பெருமைப்படும் பிராண்ட் எல்லாம் இல்லை. பாடி, பிக்கப், நெக் எல்லாம் பிடித்திருக்கிறது. ஹெட்ஸ்டாக் (நெக்கின் நுனியில் இருக்கும் தலை) மட்டும் அகலமாக, முனையில் ஒரு உருண்டையோடு, பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்துகிறது. மேப்பிள் நெக், ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி) ஆறும் ஒரே வரிசை. அந்த உருண்டையை எடுத்துவிட்டு 80களின் ஜாக்சன் கிதார் மாதிரி கூராக்க ஆசை. செய்தவர்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்களும் சொல்லலாம், ஆனால் காரணத்தோடு.

பழையநெக்:
வேண்டாம். முதல் காரணம், அறுத்த மரம் திரும்ப வராது. இரண்டாவது, அந்த பாலி ஃபினிஷ் (பிளாஸ்டிக் பூச்சு) கண்ணாடி மாதிரி, ரம்பம் பட்டதும் செதில் செதிலாகப் பெயரும், அப்புறம் தலை முழுக்கச் சுரண்டிப் புதிதாக அடிக்க வேண்டிவரும். மூன்றாவது, ஹெட்ஸ்டாக் என்பது கிதாரிலேயே பலவீனமான இடம். கிப்சனின் லெஸ் பால் கிதார் தலை உடைந்த படங்களை நீங்கள் பார்த்ததே இல்லையா? நாளைக்கு விற்கப் போனால் வாங்க வருகிறவர் முதலில் தலையைத்தான் பார்ப்பார். நெக் போல்ட் போட்டதுதானே, வடிவம் வெட்டாத துடுப்புத் தலையோடு தனி நெக் கிடைக்கிறது, அதை வாங்கி இஷ்டம் போல வெட்டுங்கள்.

மரத்தூள்:
பழையநெக் அண்ணா, லெஸ் பாலை இங்கே இழுக்காதீர்கள். அதன் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்தது, மஹாகனி, ஒரே கட்டையில் வெட்டியது. சாய்வில் மரத்தின் நார் குறுக்கே அறுபட்டுவிடும், போதாக்குறைக்கு நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் கம்பியை முறுக்கும் திருகுக்காக அதே இடத்தில் பள்ளம் வேறு. உடைவது அங்கேதான். 60களின் நடுவில் கிப்சனே சாய்வை 14 டிகிரியாகக் குறைத்துப் பார்த்தது. ஸ்ட்ராட் தலையில் சாய்வே கிடையாது, நார் நுனி வரை நேராக ஓடுகிறது. அவர் வெட்டப்போவதும் ஓரத்தை, நட்டுக்கு (தலை தொடங்கும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை) பின்னால் இருக்கும் கழுத்தை இல்லை.

தம்பி ஆறுகம்பி, உங்கள் பிரச்சினை வேறு. வடிவத்தை நீங்கள் முடிவு செய்ய முடியாது, அந்த ஆறு துளைகள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. ட்யூனர்களைக் கழற்றி, தலையைத் தடித்த அட்டையில் வைத்துச் சுற்றி வரையுங்கள், துளைகளைக் குறியுங்கள், பின்பக்கம் கியர் பெட்டி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையும் வரையுங்கள். ட்யூனர் சாவி நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் ஒன்றுமே வெட்ட முடியாது என்பது அப்போது புரியும், வெட்டினால் பெட்டி வெளியே தொங்கும். எதிர்ப்பக்கமும் நுனியும்தான் உங்களுடையது. ஜாக்சன் கூர் உங்கள் மரத்தைத் தாண்டி நீளும், அதற்கு மரம் ஒட்ட வேண்டும். ஒட்டுவது பாவமில்லை, கிப்சனே தலையின் இரண்டு ஓரத்திலும் துண்டு ஒட்டித்தான் அகலம் சேர்க்கிறது.

பழையநெக்:
சரி, உடையாது என்றே வைத்துக்கொள்வோம். சத்தம்? தலையின் எடை மாறினால் நெக் அதிரும் விதமே மாறும். இருந்த சஸ்டெயினும் (ஸ்வரம் நீடிக்கும் நேரம்) போய்விடும்.

ஈயப்புகை:
பாதி உண்மை. ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன ஜி-கிளாம்பை மாட்டிவிட்டு ஒவ்வொரு ஃப்ரெட்டாக (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) வாசித்துப் பாருங்கள், சீக்கிரம் செத்துப்போகும் ஸ்வரம் வேறு ஃப்ரெட்டுக்கு நகரலாம், பேஸ் கிதாரில் இது இன்னும் தெளிவாகவே கேட்கும். ஆனால் எடை எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். பத்து சதுர சென்டிமீட்டர் வெட்டுகிறார், தடிமன் 14 மி.மீ., மேப்பிள் அடர்த்தி சுமார் 0.7. மொத்தம் 10 கிராம். பழைய ட்யூனரைக் கழற்றி லாக்கிங் ட்யூனர் (கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் வகை) போடும்போது இதைவிட அதிகமாக எடை மாறும், அதற்கு யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

ஆறுகம்பி:
ரிவர்ஸ் ஹெட்ஸ்டாக் (தலைகீழாகத் திருப்பிய தலை) போட்டால் கீழ் ஈ கம்பி இறுக்கமாகும் என்கிறார்களே, அதுவும் கட்டுக்கதையா?

ஈயப்புகை:
இறுக்கம் அதே இறுக்கம்தான். நட்டிலிருந்து பாடியில் கம்பி உட்காரும் பிரிட்ஜ் வரை உள்ள நீளம், கம்பியின் கனம், சுருதி, இந்த மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கும். நட்டுக்கு அந்தப்பக்கம் நீளம் கூடினால் பெண்ட் செய்யும்போது (கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளும்போது) கொஞ்சம் அதிகம் தள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கம்பியை நட்டிலேயே இறுக்கிப் பிடிக்கும் லாக்கிங் நட் இருந்தால் அந்த வித்தியாசமும் இல்லை. எப்படியும் உங்கள் துளைகளோடு ரிவர்ஸ் நடக்காது.

பழையநெக்:
வழக்கை யாருமே பேசவில்லை. 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஐபனேஸ் கிதாரை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் மீது போட்ட வழக்கே ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காகத்தான், அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது. 2009-ல் ஃபெண்டர் தன் பாடி வடிவங்களுக்கு அமெரிக்காவில் டிரேட்மார்க் கேட்டுக் கிடைக்கவில்லை, ஹெட்ஸ்டாக் மட்டும் இன்றும் அவர்கள் கையில். தலைதான் கிதாரின் கையெழுத்து, அதில் போய்க் கை வைக்கிறீர்கள்.

மரத்தூள்:
அந்த வழக்கெல்லாம் விற்கிறவர்களுக்குள் நடந்தது. இவர் வீட்டில் ஒரே ஒரு நெக்கை அரத்தால் ராவப்போகிறார். இல்லாத லோகோவை ஒட்டி விற்காமல் இருந்தால் போதும். கையெழுத்து என்று நீங்கள் சொல்லும் அந்த ஸ்ட்ராட் தலையையே ஃபெண்டர் 1965 கடைசியில் பெரிதாக்கி, 80களின் தொடக்கத்தில் மறுபடி சிறிதாக்கியது.

அறுக்கும் முறை: கோட்டின் மேல் மாஸ்கிங் டேப், அதன் மேல் புதுக் கத்தியால் ஃபினிஷைக் கீறுங்கள், ரம்பம் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே. மீதி அரமும் உப்புத்தாளும். ரூட்டர் (சுழலும் பிளேடால் மரம் செதுக்கும் இயந்திரம்) வேண்டாம், நுனியில் நார் நெட்டுக்குத்தாக நிற்கும், பிளேடு பட்டால் ஒரு துண்டே பறந்துவிடும். நான் என் இரண்டாவது நெக்கில் அப்படித்தான் ஒரு மூலையை இழந்தேன், அதை மறைக்கத்தான் அந்த 'டிசைன்' வந்தது.

ஆறுகம்பி:
அட்டை வெட்டிப் பார்த்துவிட்டேன். நான் நினைத்த கூர் ஆறாவது துளைக்கு 4 மி.மீ. பக்கத்தில் வருகிறது, அது வேண்டாம். உருண்டையை மட்டும் எடுத்து, கீழ்ப்பக்க வளைவை நேராக்கினால் போதும் போலிருக்கிறது. இரண்டு நாளாக அட்டையைத் தலையில் ஒட்டி வைத்தே வாசிக்கிறேன், உறுத்தவில்லை. சனிக்கிழமை அறுக்கிறேன்.

பழையநெக்:
அறுத்த துண்டையாவது பத்திரமாக வையுங்கள், மனசு மாறினால் ஒட்டிக்கொள்ளலாம்.

மரத்தூள்:
ரம்பத்தின் தடிமன் தூளாகப் போயிருக்குமே அண்ணா, எங்கே பொருந்தும்?