வீட்டார் குழு: சரவணன் காரில் ரேடார் டிடெக்டர்

வெள்ளிக்கிழமை

சரவணன் (கேரி, நார்த் கரோலைனா), இரவு 8:14
சித்தப்பா, ஒரு உதவி வேண்டும். கேம்ரிக்கு ரேடார் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் அந்தச் சுருள் வயர் கியருக்கு மேலே தொங்குகிறது. அனுவின் போன் சார்ஜருக்கும் இடமில்லை. ஃபியூஸ் பாக்ஸிலிருந்தே நேராக வயர் இழுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். அடுத்த சனிக்கிழமை மீனா அக்கா வீட்டுக் கொலுவுக்குக் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும்.

அத்தை (மதுரை), இரவு 8:21
இப்போதுதான் எழுந்தேன். அது என்ன கருவி சரவணா? டோல்கேட்டில் பணம் எடுப்பார்களே, அதுவா?

தினேஷ் (டாலஸ்), இரவு 8:25
இல்லை அத்தை. சாலையோரம் போலீஸ் ஒரு ரேடாரைக் கார் பக்கம் காட்டுவார்கள். அதிலிருந்து போகும் அலை காரில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை வைத்து வேகத்தைக் கணக்குப் போடுவார்கள். டிடெக்டர் அந்த அலையைக் கேட்டதும் சத்தம் போடும், அவ்வளவுதான். எதையும் தடுக்காது. ரேடாரைக் குழப்புகிற ஜாமர் வேறு, அது அமெரிக்கா முழுக்கவே சட்டவிரோதம்.

தினேஷ், இரவு 8:27
சரவணா, வாங்கினது நல்ல விஷயம். ஆனால் கேஏ பேண்ட் என்கிற அலைவரிசை, அதாவது 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை, அங்கே சத்தம் வந்தால் உடனே ஸ்பீடோமீட்டரைப் பார். கே பேண்டில், 24 கிகாஹெர்ட்ஸ் பக்கம், பாதிக்கு மேல் வீண் சத்தம். பக்கத்துக் காரின் பிளைண்ட் ஸ்பாட் சென்சார், கடை வாசலில் தானாகத் திறக்கிற கதவு எல்லாம் அங்கேதான் பேசும்.

மீனா அக்கா (ஃபேர்ஃபாக்ஸ், வர்ஜீனியா), இரவு 8:40
சரவணா, நில். எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் அதை மாட்டிக்கொண்டா வரப் போகிறாய்? வர்ஜீனியாவில் ரேடார் டிடெக்டர் வைத்து ஓட்டவே கூடாது. சாதாரணக் கார்களுக்கும் தடை போட்டிருக்கிற ஒரே மாநிலம் இதுதான். வாஷிங்டன் டிசியிலும் இதே கதை. நார்த் கரோலைனா நம்பர் பிளேட் என்றாலும் சட்டம் ஒன்றுதான்.

சரவணன், இரவு 8:43
அப்படியா அக்கா! எல்லையைத் தாண்டியதும் ஆஃப் செய்துவிட்டால் போதாதா?

மீனா அக்கா, இரவு 8:49
போதாது. இங்கே சட்டத்தில் 46.2-1079 என்று ஒரு பிரிவு. கருவிக்கு மின்சாரம் கிடைக்கும் வழியும் இருக்கக் கூடாது, ஓட்டுகிறவருக்கோ கூட இருப்பவருக்கோ கைக்கெட்டும் இடத்திலும் இருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையும் சரியாக இருந்தால்தான் குற்றமில்லை. நீ ஃபியூஸ் பாக்ஸிலிருந்து வயர் இழுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால், சுவிட்சை ஆஃப் செய்திருந்தாலும் கரண்ட் அதில் வந்து நிற்கும். கையை நீட்டினால் எட்டும். இரண்டிலும் நீ தவறுகிறாய்.

மீனா அக்கா, இரவு 8:52
இன்னொன்று. இங்கே வேகத்துக்கு டிக்கெட்டோடு விடமாட்டார்கள். லிமிட்டைவிட 20 மைல் கூடப் போனாலோ, எந்தச் சாலையிலும் 85-ஐத் தாண்டினாலோ ரெக்லெஸ் டிரைவிங், அதாவது ஆபத்தாக ஓட்டியதாகக் கணக்கு. அது கிரிமினல் வழக்கு. அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் அபராதம் வரை போகலாம். 70 போட்டிருக்கும் இடத்தில் 86 போனாலும் அதில் மாட்டுவாய். கிரீன் கார்டு ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதெல்லாம் வேண்டாம்டா.

அனு, இரவு 8:55
அக்கா, நானும் இதைத்தான் சொன்னேன். குழந்தை பின்னால் உட்கார்ந்து வருகிறது. 65-இல் போனால் அரை மணி நேரம் பிந்திப் போவோம், அவ்வளவுதானே.

சரவணன், இரவு 8:58
வேகமாகப் போக வாங்கவில்லை அனு. டர்ஹம் பக்கம் லிமிட் திடீரென்று குறைகிற இடங்களில் கவனம் பிசகுகிறது, அதற்காகத்தான். சரி, வர்ஜீனியாவுக்கு வேண்டாம். ஆனால் இங்கே ஓட்டுவதற்காவது வயரை ஒழுங்காகப் போட வேண்டும்.

குமார் சித்தப்பா (சார்லட்), இரவு 9:20
இப்போதுதான் பார்த்தேன். மீனா சொன்னதை முதலில் மனதில் வை. அதற்கேற்றபடிதான் வயரிங் செய்ய வேண்டும். கருவியை ஒரே இழுப்பில் கழற்றி டிக்கியில் வைக்க முடிய வேண்டும். பின்னால் பார்க்கிற ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் பிளக் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்படி விடு. எதையும் நிரந்தரமாக ஒட்டிவிடாதே.

குமார் சித்தப்பா, இரவு 9:26
அடுத்தது ஃபியூஸ். சாவி போட்டால்தான் கரண்ட் வருகிற ஃபியூஸ் ஒன்று, எப்போதும் கரண்ட் இருக்கிற ஃபியூஸ் ஒன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கை வைக்காதே. என் பழைய காரில் ஒரு கடையில்தான் போட்டுக் கொடுத்தார்கள். எப்போதும் உயிரோடிருக்கும் ஃபியூஸில் செருகிவிட்டார்கள். நான் ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து ஏர்போர்ட் பார்க்கிங்குக்கு வந்தால் கார் அசையவில்லை. இரவு ஒன்றரை மணி, உன் சித்தி பெட்டிகளோடு குளிரில் நிற்கிறாள்.

குமார் சித்தப்பா, இரவு 9:31
கணக்குப் போட்டுப் பார். டிடெக்டர் 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் ஹவர். பத்து நாளில் 72. சாதாரணக் கார் பேட்டரியே 50, 60தான் இருக்கும்.

சரவணன், இரவு 9:33
ஐயோ. அப்போது எந்த ஃபியூஸ் எடுப்பது சித்தப்பா?

குமார் சித்தப்பா, இரவு 9:41
பவர் சாக்கெட், ரேடியோ, இந்த மாதிரி உயிருக்குச் சம்பந்தமில்லாதது. ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் ஃபியூஸ் பக்கமே போகாதே. மூடியில் எஸ்ஆர்எஸ் என்று போட்டிருந்தால் அது ஏர்பேக். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வை, சிவப்பு முனையை ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளில் தொட்டுப் பார். சாவி ஆஃப் என்றால் பூஜ்யம், ஆன் செய்தால் 12 வோல்ட் பக்கம் வர வேண்டும். சில காரில் சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கரண்ட் நிற்கும். அதனால் கதவைப் பூட்டிவிட்டு அரை மணி கழித்து இன்னொரு முறை பார்.

தினேஷ், இரவு 9:44
ஃபியூஸ் டேப், அதாவது ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகி இன்னொரு வயருக்கும் கரண்ட் எடுக்கிற துண்டு, அதை வாங்கும்போது சைஸ் பார்த்து வாங்கு. மினி, லோ ப்ரொஃபைல் மினி, மைக்ரோ 2 என்று இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், செருகினால் பொருந்தாது. ஒரு ஃபியூஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போ.

குமார் சித்தப்பா, இரவு 9:52
சரியாகச் சொன்னாய் தினேஷ். டேப்பில் இரண்டு ஃபியூஸ் போடுவாய். பழையது கீழே, டிடெக்டருக்குப் புதியது மேலே, 2 அல்லது 3 ஆம்பியர் போதும். டேப்பை எந்தப் பக்கமாகச் செருகுகிறாய் என்பதும் முக்கியம். செருகிய பிறகு பழைய ஃபியூஸை மட்டும் பிடுங்கிப் பார். டிடெக்டர் எரிந்துகொண்டே இருந்தால் சரி. அணைந்துவிட்டால் திருப்பிச் செருகியிருக்கிறாய், இரண்டின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகிறது. கழற்றி மாற்றிப் போடு. இதை நிறையப் பேர் பார்ப்பதில்லை.

சரவணன், இரவு 9:55
டிடெக்டர் வயரின் முனை பழைய லேண்ட்லைன் போன் பிளக் மாதிரியே இருக்கிறது. வீட்டில் போன் வயர் கிடக்கிறது, அதையே வெட்டிப் போடலாமா?

தினேஷ், இரவு 9:56
வேண்டவே வேண்டாம். பிளக் ஒன்றுதான், உள்ளே எந்தப் பின்னில் பாசிட்டிவ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாறிப் போனால் கருவி போய்விடும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேராக இழுக்க உன் டிடெக்டர் கம்பெனியே விற்கும் டைரக்ட் வயர் கேபிளை வாங்கு.

குமார் சித்தப்பா, இரவு 10:08
இப்போது சொல்வதைக் கவனமாகப் படி சரவணா. முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற தூணுக்குள்ளே, கூரை ஓரமாக, திரை மாதிரி விரியும் ஏர்பேக் இருக்கிறது. நான் சொன்ன அதே கடையில் வயரை அந்த ஏர்பேக்குக்கு முன்னால் குறுக்காக இழுத்திருந்தார்கள். பேட்டரி விவகாரத்துக்குப் பிறகு நானே பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான்கு மாதம் அந்தக் காரில் உன் தங்கையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். விபத்தில் அது விரிந்திருந்தால் வயர் தடுத்திருக்கும், இல்லை அறுந்து முகத்தில் அடித்திருக்கும். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அனு, இரவு 10:10
சித்தப்பா, கேட்கவே பயமாக இருக்கிறது. எங்கே போடலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

குமார் சித்தப்பா, இரவு 10:19
பயப்படாதே அம்மா, வழி இருக்கிறது. தூணின் மூடியைத் திறக்கவே வேண்டாம். கண்ணாடியிலிருந்து கூரை லைனிங்கின் முன் ஓரத்தில் விரலால் வயரைத் தள்ளிச் செருகிக்கொண்டே வர வேண்டும். கதவுப் பக்கம் வந்ததும் கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங்கை லேசாக இழுத்து, அதன் இடுக்கில் வயரை விட்டுக் கீழே கொண்டுவா. அங்கிருந்து டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பாக்ஸ். பிரேக் பெடல் பக்கம் வயர் தொங்காமல் டை போட்டுக் கட்டு. வழியில் மஞ்சள் கனெக்டர் தென்பட்டால் கை வைக்காதே. பெரும்பாலும் அது ஏர்பேக்குடையது.

குமார் சித்தப்பா, இரவு 10:23
எர்த்துக்கு, கால் வைக்கும் இடத்தில் பக்கவாட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றினால் பாடியில் போல்ட் இருக்கும். பெயிண்ட் இல்லாத போல்ட்டாகப் பார்த்து வளைய லக் போட்டு இறுக்கு. பெயிண்ட் மேலே வைத்தால் டிடெக்டர் நின்று நின்று எரியும், காரணமும் புரியாது.

அத்தை, இரவு 10:30
குமார், ஞாயிற்றுக்கிழமை நீ நேரிலேயே போய்ச் செய்து கொடுக்கக் கூடாதா?

குமார் சித்தப்பா, இரவு 10:32
இரண்டரை மணி நேரம்தான் அக்கா, போகிறேன். மீட்டரை நான் எடுத்து வருகிறேன் சரவணா. நீ டேப்பும் வயரும் வாங்கி வை.

ஞாயிற்றுக்கிழமை

சரவணன், மாலை 4:47
முடிந்தது! முதலில் நான் காட்டிய ஃபியூஸ் சாவி இல்லாமலே 12.5 வோல்ட் காட்டியது. சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து ஃபியூஸ்தான் சரியானது. டேப்பை முதலில் தலைகீழாகச் செருகியிருந்தேன், பழைய ஃபியூஸைப் பிடுங்கியதும் டிடெக்டர் அணைந்துவிட்டது. மாற்றிப் போட்டோம். வயர் எங்கேயும் தெரியவில்லை.

அனு, மாலை 4:50
சித்தப்பாவுக்கு வத்தக்குழம்பும் அப்பளமும். பீடிங் உள்ளே வயரைத் தள்ளித் தள்ளி இரண்டு பேர் விரலும் சிவந்துவிட்டது.

குமார் சித்தப்பா, மாலை 5:02
ஏர்பேக் பக்கம் எதுவும் போகவில்லை, நானே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். சரவணா, வெயிலில் கார் நிற்கும்போது கருவியைக் கழற்றி உள்ளே வை. அதைக் கண்ணாடியில் பிடித்து வைக்கிற ரப்பர் கப் சூட்டில் விழும்.

மீனா அக்கா, மாலை 5:10
சனிக்கிழமை வரும்போது அந்த ரப்பர் கப்பையும் எடுத்துவிடு. கண்ணாடியில் தொங்கினால் நிறுத்திக் கேட்பார்கள். டிடெக்டர் இருப்பதைக் கண்டுபிடிக்கவே ஸ்பெக்டர் என்று ஒரு கருவி உண்டு, தெரியுமா?

சனிக்கிழமை

சரவணன், காலை 9:36
அக்கா, வர்ஜீனியா எல்லைக்கு முன்னால் ஹெண்டர்சனில் பெட்ரோல் போட நின்றோம். டிடெக்டர், கப் இரண்டும் டிக்கியில், பெட்டிக்கு அடியில். கரண்ட் வரும் பிளக்கைக் கண்ணாடிப் பக்கத்திலிருந்து கழற்றியாயிற்று. அனுவே வந்து சரிபார்த்தாள்.

மீனா அக்கா, காலை 9:38
நல்லது. ரிச்மண்ட் பக்கம் கூட்டமாக இருக்கிறதாம், அவசரப்படாதே. சுண்டல் மாலைக்குத்தான்.

அனு, காலை 9:39
கொண்டைக்கடலையா அக்கா, பட்டாணியா? பாப்பா கேட்கிறாள்.

மீனா அக்கா, காலை 9:41
பட்டாணி. மாங்காய் போட்டு.