லொகின் போகுதில்லை, அவசரம்

நெசவுத்தறி:
ஸலாம். மருதமுனையில் ஒரு நெசவுச் சங்கத்துக்குச் சின்னதாக ஒரு வெப் அப் செய்து கொடுத்திருக்கிறேன். உறுப்பினர்கள் லொகின் பண்ணி, எடுத்த நூல் கணக்கைப் பார்க்க வேண்டும். இலக்கமும் பாஸ்வேட்டும் சரியாகத்தான் அடிக்கிறார்கள், ஆனால் "தவறான விபரம்" என்றே வருகிறது. கோட் எல்லாம் சரி. நாளைக்குச் சங்கக் கூட்டம். யாராவது உடனே சொல்லுங்கள்.

தேன்நாடு:
எந்த மொழி, எந்த டேட்டாபேஸ், என்ன இலக்கம்? கோட் சரி என்று நீங்களே தீர்ப்பும் சொல்லிவிட்டால் நாங்கள் எதைப் பார்க்கிறது?

பாலமுனையான்:
செஷன்தான், அதாவது ஆள் உள்ளே வந்ததை சர்வர் நினைவில் வைக்கிறது, வேறொன்றும் இல்லை. செஷன் ஸ்டார்ட்டுக்கு மேலே ஒரு வெற்று வரி கிடந்தாலே பக்கத்துக்கு முன்னால் போகிற ஹெடர் முன்கூட்டிப் போய்விடும், அந்த நினைவுக் குறிப்பான குக்கி பிரவுசரில் ஒட்டாது.

கல்லடியான்:
செஷன் ஒட்டாவிட்டால் உள்ளே போய்த் திரும்ப அதே பக்கத்துக்குத்தான் வரும். "தவறான விபரம்" வராது. எனக்கு போன் கீபோட் மேல்தான் சந்தேகம். இலக்கப் பெட்டியில் கடைசியில் ஒரு ஸ்பேஸ் சேர்ந்துவிடும். அதை வெட்டுகிற ட்ரிம் போட்டிருக்கிறீர்களா?

பழையகை:
தம்பி, பிழை காட்டும் வசதியை ஒன் பண்ணிவிட்டு வந்து கேளும். பாஸ்வேட்டை எம்டி5 என்ற பழைய, பலவீனமான முறையில் வைத்திருப்பீர், டேட்டாபேஸிடம் கேட்கிற எஸ்கியூஎல் வரிக்குள் மாறியை நேரே ஒட்டியிருப்பீர். வீடியோ பார்த்துப் படித்தால் இப்படித்தான். பிக்ரிப்ட் முறையில் பாஸ்வேட்டை மாற்றி வைக்கிற ஹேஷ் 60 எழுத்து. டேட்டாபேஸில் அதை வைக்கிற கொலம் 50 என்றால் வெட்டுப்படும். கொலத்தைப் பாரும்.

நெசவுத்தறி:
பிஎச்பி, மைஎஸ்கியூஎல். ஹேஷ் பிக்ரிப்ட்தான் நானா, அந்தக் கொலம் 255. மாறியை நேரே ஒட்டவில்லை, பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்தான் போட்டிருக்கிறேன். இலக்கம் என்றது ஐடி காட், அதாவது தேசிய அடையாள அட்டை இலக்கம். அப்புறம், எல்லாருக்கும் இப்படி இல்லை. மூத்தவர்கள் நன்றாக உள்ளே போகிறார்கள். பெடியன்மாருக்குத்தான் போகவில்லை.

தேன்நாடு:
இதை முதலே சொல்லியிருக்கலாம்தானே மனே!

பாலமுனையான்:
அப்போ விளங்குது. பெடியன்மார் போனில் வருவார்கள், மூத்தவர்கள் சங்கத்துக் கொம்பியூட்டரில் வருவார்கள். போனில் குக்கி பிளொக். நான் சொன்னதுதான்.

நெசவுத்தறி:
இல்லை நானா, எல்லாரும் சங்கத்தில் இருக்கிற ஒரே கொம்பியூட்டரில்தான்.

கல்லடியான்:
அது சரி, ஐடி இலக்கத்தை யாராவது யூசர் நேமாக வைப்பார்களா? அந்த இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் நாளும் இருக்கு. பெண்கள் என்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆளின் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் லொகின் பெட்டியிலேயே எழுதி வைக்கிற மாதிரி.

பழையகை:
இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கு. வாசித்தீரா?

தேன்நாடு:
சங்கத்துத் தாத்தாமாருக்கு ஈமெயில் எங்கே இருக்கு? போன் இலக்கமும் சிம் மாற்ற மாற்ற மாறும். ஐடி இலக்கம்தான் மனப்பாடம். சட்டத்தைப் பேசுகிறவர்கள் ஒருநாள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பழையகை:
உட்கார்ந்தால் சட்டம் மாறிவிடுமா?

கல்லடியான்:
உறுப்பினர் இலக்கம் என்று ஒன்று கொடுக்கலாமே. சங்கத்தில் அது ஏற்கெனவே இருக்கும்.

வாழைச்சேனை மெக்கானிக்:
சண்டையைப் பிறகு பிடியுங்கள். தம்பி, அந்தப் பெடியன்மார் எல்லாரும் 12 இலக்கப் புது ஐடிக்காரர்களா? 2016க்குப் பிறகு முதல் ஐடி எடுத்தவர்களுக்கு அதுதான். மூத்தவர்களிடம் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸும். டேட்டாபேஸைத் திறந்து, பெடியன்மாரின் வரிகளில் ஐடி கொலத்தில் என்ன நிற்குது என்று அப்படியே எழுதும்.

நெசவுத்தறி:
எல்லாருக்கும் ஒரே இலக்கம் நிற்குது! 2147483647. மூத்தவர்களுக்கு வேறு வேறு, ஆனால் வி இல்லை. யாராவது ஹேக் பண்ணிவிட்டார்களா?

வாழைச்சேனை மெக்கானிக்:
ஹேக்கும் இல்லை ஒன்றும் இல்லை. கொலத்தை இன்ட், அதாவது முழு எண், என்று வைத்திருக்கிறீர். சாதாரண இன்ட்டின் உச்சவரம்பே அந்த 2147483647தான். 12 இலக்கம் அதற்குள் கொள்ளாது. கொள்ளாததை மறுக்கிற ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத சர்வர் பிழை சொல்லாமல் உச்சத்தை எழுதிவிட்டுப் போய்விடும். மைஎஸ்கியூஎல் 5.7இலிருந்து அந்த மோட் தானாகவே ஒன், உமது சர்வரில் யாரோ ஓஃப் பண்ணியிருக்கிறார்கள்.

மூத்தவர்கள் உள்ளே போவதும் தற்செயல்தான். எண் கொலத்தை எழுத்தோடு ஒப்பிடும்போது மைஎஸ்கியூஎல் முன்னால் உள்ள எண்ணை மட்டும் எடுக்கும், வியை விட்டுவிடும். அதனால் பொருந்துது.

கொலத்தை வார்ச்சார் 12, அதாவது 12 எழுத்து வரை கொள்கிற எழுத்துக் கொலம், ஆக்கும். ஆனால் ஆக்கின உடனே மூத்தவர்களுக்குப் போகாது, அங்கே வி பதியவே இல்லை. அதையும் திருத்தும். பெடியன்மாரின் இலக்கம் டேட்டாபேஸில் இனி எங்கேயும் இல்லை, திரும்ப வாங்கித்தான் ஆக வேண்டும்.

பழையகை:
கொலத்தைப் பார் என்று நான் எப்போதோ சொன்னேன்.

தேன்நாடு:
நீங்கள் சொன்னது வேறு கொலம் ஐயா.

பாலமுனையான்:
ஆனாலும் செஷனையும் ஒருக்கால் பாருங்கள்.

நெசவுத்தறி:
இலக்கம் எல்லாம் சங்கத்துப் பதிவுப் புத்தகத்தில் இருந்தது. அடித்துவிட்டேன், பெடியன்மார் போகிறார்கள். ஜஸாகல்லாஹ் நானா. கூட்டத்துக்குப் போகிறேன்.

வாழைச்சேனை மெக்கானிக்:
மூத்தவர்களுக்கு வி சேர்த்தீரா? எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வி போட்டுவிடாதையும், எக்ஸ்காரரும் இருப்பார்கள். புத்தகத்தைப் பார்த்துப் போடும்.

கல்லடியான்:
ஆள் கூட்டத்துக்குப் போயிட்டார் போல. உறுப்பினர் இலக்கம் பற்றி நான் கேட்டதற்கும் பதில் இல்லை.