பார்க்கின்சன் மாத்திரை நேரமும் அப்பாவின் ஞாபகமும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்குப் பார்க்கின்சன். மூளையில் டோபமைனைக் கூட்டும் லெவோடோபா-கார்பிடோபா மாத்திரை எடுத்துக்கொள்கிறார். (டோபமைன் என்பது மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்; இந்த நோயில் அது குறைந்துவிடுகிறது.) நடுக்கமும் நடையும் ஓரளவு கட்டுக்குள் இருக்கின்றன. என் கவலை வேறு.

பழைய விஷயம் எதையும் அவர் மறக்கவில்லை. ஒன்றை மனசில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்வதுதான் முடியவில்லை. போனில் வந்த ஓடிபியைப் பார்த்துவிட்டு அடுத்த திரைக்குப் போவதற்குள் பாதி எண்கள் போய்விடுகின்றன. பேச்சில் யாராவது குறுக்கிட்டால் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும்; அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. மாத்திரையின் வீரியம் இறங்கும் நேரத்தில் இது கூடுகிறது, மறுபடி வேலை செய்யத் தொடங்கியதும் கொஞ்சம் தெளிகிறார்.

டோபமைன் குறைந்தாலும் இப்படி மனசில் பிடித்துவைக்கும் நினைவு தடுமாறும், மிஞ்சினாலும் தடுமாறும் என்று படித்தேன். மூளையின் எல்லாப் பகுதியிலும் அது ஒரே அளவில் குறைவதில்லை. அதனால் உடல் அசைவுக்குச் சரியான டோஸ், சில வகைச் சிந்தனைக்கு அதிகமாகிவிடலாம். டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்பதா வேண்டாமா என்று குழம்பியிருக்கிறேன்.

கூடவே ட்ரைஹெக்ஸிஃபெனிடிலும் தருகிறார்கள். வயதானவர்களுக்கு அது ஞாபகத்தை மந்தமாக்கக்கூடிய மருந்து. அதைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் பேசப்போகிறேன்.

உங்கள் வீட்டில் மாத்திரை நேரத்தையும் ஞாபகத் தடுமாற்றத்தையும் சேர்த்துக் குறித்து வைத்தீர்களா? எப்படி? நினைவுப் பரிசோதனையை மருந்து வேலை செய்யும் நேரத்தில் எடுத்தார்களா, இறங்கிய நேரத்திலா? டோஸ் மாற்றியபின் வித்தியாசம் தெரிந்ததா?

மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொல்லாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.