எங்கள் குடும்பக் குழு: கொஸ்மோபொலிட்டன் என்றால் என்ன?

வினோதினி (அட்டன்): பெரியப்பா, பாடசாலை விவாதத்தில் கொழும்பு ஒரு கொஸ்மோபொலிட்டன் நகரம் என்று நான் வாதிட வேண்டும். பல இனத்தவரும் பல மொழியினரும் வாழும் நகரம் என்று விளக்கம் சொன்னால் போதுமா?

பெரியப்பா (பண்டாரவளை): போதாது, மகள். கிரேக்கத்தில் கொஸ்மொஸ் என்பது முதலில் ஒழுங்கையும் அலங்காரத்தையும் குறித்து, பின்னர் ஒழுங்கமைந்த உலகத்தையே குறிக்கலாயிற்று. பொலிஸ் என்பது தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் நகரம். (நம் ஊர்ப் பொலிசுக்கும் அதுவே வேர், சிரிக்காதே.) இரண்டும் சேர்ந்த கொஸ்மோபொலிட்டேஸ் மனிதனைக் குறித்த சொல். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானி தியோஜெனிஸ், எந்த ஊர் என்று கேட்டவரிடம் தாம் உலகக் குடிமகன் என்றாராம். நகரங்களுக்கு அது அடைமொழியானது மிகப் பிந்திய வழக்கு.

சித்தப்பா (கொழும்பு): எவ்வளவு பரந்த மனம், அண்ணா!

பெரியப்பா: மனம் பரந்ததுதான், தம்பி. ஆனால் அவர் கருங்கடற்கரையிலிருந்த சினோப் என்ற சொந்த ஊரைவிட்டு நாணய விவகாரமொன்றால் வெளியேற்றப்பட்டவர் என்று சொல்வார்கள். பிறகு அவர் வாழ்ந்த ஏதென்ஸில் வெளியூரானுக்கு மக்கள் சபையில் வாக்கில்லை. குடியுரிமையற்ற ஒருவரின் வாயிலிருந்து அந்தப் பதில் வந்ததென்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அத்தை (பதுளை): அப்படியானால் எங்கள் அப்பாவும் உலகக் குடிமகன்தான். மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு பிரஜாவுரிமைக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தின் பிரதி, மடிப்புகள் கிழிந்து, தகரப்பெட்டியில் அம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில் இன்னும் கிடக்கிறது.

சித்தப்பா: வினோதினி, காலி நகரில் கிடைத்த கல்வெட்டையும் குறித்துக்கொள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே நாட்டுவித்த அந்தக் கல், 1409 என்ற ஆண்டைத் தாங்கி, சீன மொழியில் புத்தருக்கும் தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும் பாரசீகத்தில் அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெரியப்பா: நல்ல சான்று. ஆனால் அந்தக் கல் காட்டுவது கொஸ்மொஸை மட்டும். வந்துபோகும் வணிகர் பல மொழி பேசுவது எந்தத் துறைமுகத்திலும் நடக்கும். பொலிஸ் என்ற பாதிக்கு, அங்கே உழைப்பவருக்கெல்லாம் வாக்கும் உரிமையும் உண்டா என்று கேட்க வேண்டும்.

வினோதினி: அது என் கட்சிக்கே எதிராகிவிடாதா, பெரியப்பா?

பெரியப்பா: எதிரணி 1948ஐ எடுக்கும் முன் நீயே எடுத்துவிடு. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லி, அதன்பின் கொழும்பைப் பற்றிப் பேசு.