“எதற்கு இந்தக் குழந்தைக்குப் புதுநன்மை?” – கோவிலுக்குள் மாற்றுத்திறனாளிகள்: அனுபவப் பகிர்வு

மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் வீட்டாரும் எழுதுங்கள். நம் கத்தோலிக்கக் கோவில்களில் உங்களை எப்படி நடத்தினார்கள்? நல்லதும் வரட்டும், கசப்பும் வரட்டும். ஒரே வேண்டுகோள்: “தேவதைகள்”, “கடவுளின் செல்லப் பிள்ளைகள்” போன்ற சர்க்கரைப் பேச்சை ஒதுக்கிவைப்போம். அப்படிக் கொஞ்சிவிட்டு, உட்கார இடம் தராமல் போனவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

ஒரு தாய்:

என் மகளுக்கு டவுன் சின்ட்ரோம். வயிற்றில் இருந்தபோதே ஸ்கேன் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். “இன்னும் நேரம் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள்” என்றார் மருத்துவர். எதை யோசிக்கச் சொல்கிறார் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெற்ற பிறகு வந்த கேள்வி வேறு. “யார் செய்த பாவமோ?” என்றார் உறவுக்காரர் ஒருவர். யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் கண்டு சீடர்கள் கேட்டதும் இதைத்தான். இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் அப்போதே பதில் சொல்லிவிட்டார். அறிவியல் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் காரணம் என்ற ஆய்வு 1959-இல் வெளியானது. அதை எழுதிய மூவரில் ஒருவரான ஜெரோம் லெஜூன் கத்தோலிக்கர். தாங்கள் கண்டுபிடித்ததை வைத்தே கருவில் இருக்கும் பிள்ளைகளைத் தேடிக் கலைக்கிறார்களே என்று அவர் கடைசிவரை எதிர்த்துப் பேசினார். 2021-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது; புனிதர் பட்டத்துக்கான வழியில் அது ஒரு படி. அவரைப் பற்றிப் படித்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பெரிய இடி புதுநன்மை வகுப்பில், அதாவது பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கத் தயாராகும் வகுப்பில், விழுந்தது. “அவளுக்கு என்ன புரியப்போகிறது? எதற்கு வீண் சிரமம்?” என்றார் மறைக்கல்வி ஆசிரியை. கெட்ட மனம் படைத்தவர் அல்ல. எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்டார். அந்த இரக்கத்தால் மகளின் வயதுப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுத்தி நன்மை வாங்க, இவள் வருடக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்த பங்குத்தந்தைதான் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் நற்கருணை பற்றி 2007-இல் எழுதிய ஊக்கவுரையின் 58-ஆம் பத்தியைக் காட்டினார். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் திருமுழுக்கு, உறுதிபூசுதல் என்ற இரண்டு அருட்சாதனங்களையும் பெற்றிருந்தால் முடிந்தவரை அவர்களுக்கு நற்கருணை கொடுக்க வேண்டும், தங்களோடு துணைநிற்கும் குடும்பத்தின், சமூகத்தின் விசுவாசத்திலும் அவர்கள் அதைப் பெறுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. ஆயர் உறுதிபூசுதலுக்கு வந்தபோது அதே பூசையில் முதல் நன்மையும் என்று முடிவாயிற்று.

மந்திரிக்காத அப்பத்தை வைத்து வீட்டில் பழக்கினோம். ஒவ்வொரு முறையும் அதை இரண்டாகப் பிட்டுப் பாதியை அவள் அண்ணனிடம் நீட்டுவாள். எவ்வளவு சொல்லியும் விடவில்லை. அன்று பூசையிலும் நற்கருணையைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு மூச்சே நின்றுபோயிற்று. சாமியார் பதறவில்லை. “அண்ணனுக்கும் தருகிறேன் அம்மா, இது உனக்கு” என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், பிறகு உட்கொண்டாள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்:

மேலே எழுதிய அக்காவுக்கு: நன்மை வாங்கப் போகும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் கிடைக்குமா என்று கவலைப்பட்ட வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

என் விஷயம். எங்கள் கோவில் வாசலில் சரிவுப் பாதை கட்டினார்கள், நன்றி. ஆனால் பூசையில் விவிலியம் வாசிக்கும் வாசக மேடைக்கு ஏறப் படிகள்தான். நான் உள்ளே வந்து பூசை காண்பேன் என்று யோசித்தவர்களுக்கு, ஒருநாள் வாசகமும் வாசிப்பேன் என்று தோன்றவே இல்லை. இப்போது கீழே ஒரு மைக் வைத்து வாசிக்கிறேன். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில், பீடப்பணியைச் சரிவரச் செய்ய இயலாத அளவுக்கு உடல் குறை இருந்தால் குருவாக முடியாது என்று தனியே ஒரு தடை இருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. சட்டத்தில் எடுத்துவிட்டார்கள், சிமெண்டில் இன்னும் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் தானாக நகரவும் முடியாமல், பேச்சும் தெளிவில்லாமல் இருந்த ஹெர்மன் என்ற துறவி ஜெர்மனியின் ரைகெனாவ் மடத்தில் இருந்துகொண்டு வானியலும் வரலாறும் எழுதினார். மாதாவை நோக்கி நாம் சொல்லும் கிருபை தயாபத்து செபத்தை இயற்றியவர் அவரே என்று நெடுங்காலமாகச் சொல்வதுண்டு. அவரை எங்கள் வாசக மேடைக்கு அழைத்தாலும் கீழேதான் நிறுத்துவார்கள்.

இன்னொரு தொல்லை, குணமளிக்கும் செபம். கேட்காமலேயே தலையில் கை வைத்துவிடுகிறார்கள். எரிகோவில் பர்த்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்; அப்படியிருந்தும் “நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?” என்று ஆண்டவர் அவரிடம் கேட்டார். ஒருமுறை ஒருவர் கண்ணை இறுக மூடி உரக்கச் செபிக்க, நான் பிரேக் போடாததால் நாற்காலி மெதுவாகப் பின்னால் நகர்ந்துவிட்டது. அவர் கை வெறும் காற்றில் நின்றது. கண் திறந்து என்னைத் தூரத்தில் பார்த்தவர் ஒரு கணம் அற்புதம் நடந்துவிட்டதாகவே நினைத்திருப்பார்.

ஓர் அண்ணன்:

தம்பிக்கு ஆட்டிசம். பூசையில் திடீரென்று சத்தம் போடுவான். முன் வரிசைப் பெரியவர் திரும்பித் திரும்பி முறைப்பார். வேறு பங்குக்கு மாறிவிட்டோம். கோபம் மட்டும் இன்னும் மாறவில்லை.

காது கேளாதவர்:

எங்கள் சிக்கல் பாவசங்கீர்த்தனம், குருவிடம் தனியே பாவங்களை அறிக்கையிடுவது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். குரு படித்துவிட்டு, தன் அறிவுரையை அதன் பின்பக்கத்தில் எழுதித் திருப்பித் தருவார். வீட்டுக்கு வந்ததும் கிழித்துப்போடுவேன். ஆனால் எழுதத் தெரியாத நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சைகை மொழி மட்டும்தான். மொழிபெயர்க்க ஒருவரை உடன் அழைத்துப் போனால், “மூன்றாவது ஆள் கூடாது” என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது சரிதானா?

குரு ஒருவரின் பதில்:

சரியல்ல. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய யாருக்கும் தடையில்லை என்று திருச்சபைச் சட்டம் 990-ஆம் எண் சொல்கிறது. முறைகேடும் இடறலும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு, அது 983-ஆம் எண். அடுத்த முறை நண்பர்கள் போகும்போது இந்த இரண்டு எண்களையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அப்போதும் மறுத்தால் மறைமாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள்.